உட்கார்ந்த இடத்தில் வருமானம் வருமா?

(தியாகராய நகரில் மில் தொழிலாளர்களும் கடைச் சிப்பந்திகளும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்கு என்னைப் பேசச் சொன்ன விஷயம் பணம். நம்முடைய கூட்டங்களில் கூலியைப் பற்றிப் பேசுவோம், போனஸைப் பற்றிப் பேசுவோம், ரேஷனைப் பற்றிப் பேசுவோம். வாங்கின கூலியில் மிஞ்சுகிற ஐந்நூறு, ஆயிரத்தை என்ன செய்வது என்று மட்டும் பேசமாட்டோம். அது அவரவர் வீட்டுச் சங்கதி என்று விட்டுவிடுவோம். நாம் விட்ட இடத்தில் வேறு ஆட்கள் வந்து பேசுகிறார்கள். கல்யாண மண்டபத்தில் பிரியாணி போட்டுப் பேசுகிறார்கள், செல்போனில் படம் போட்டுப் பேசுகிறார்கள். "உட்கார்ந்த இடத்தில் மாதாமாதம் வருமானம்" என்பதுதான் அவர்கள் பேச்சு.

உட்கார்ந்த இடத்தில் என்கிறார்களே, இந்தத் தியாகராய நகரில் அதைச் சொன்னால் சிரிப்புத்தான் வருகிறது. ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் ரோட்டிலும் ஜவுளிக் கடையில் வேலை செய்கிற பெண்கள் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டினார்கள். அவர்கள் உட்கார ஒரு முக்காலி போடவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 2021ஆம் வருஷம். அதற்கு முன்பு சட்டத்தில் அந்த உரிமைகூட இல்லை. உட்காரவே விடாத ஊரில் உட்கார்ந்த இடத்தில் வருமானமாம்!

ஆனாலும் அந்த ஆசையை நான் கேலி செய்யவில்லை. கால் வீங்கிப் போன அம்மாவுக்கு, நாற்பத்தைந்து வயதில் ஸ்பின்னிங் மிஷின் முன்னால் இருமிக்கொண்டு நிற்கிற தோழருக்கு, நாற்று நட்டு இடுப்பொடிந்த தாய்க்கு, "இந்த உடம்பு ஓய்ந்தால் சோறு எங்கிருந்து வரும்?" என்ற பயம் இருக்காதா? அந்தப் பயம் நியாயமானது. அந்தப் பயத்தை வைத்து வியாபாரம் செய்கிறவர்களைப் பற்றித்தான் முதலில் பேசவேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். சென்னை அமைந்தகரையில் ஆருத்ரா கோல்டு டிரேடிங் என்று ஒரு கம்பெனி இருந்தது. ஒரு லட்சம் ரூபாய் கட்டினால் மாதம் 25 ஆயிரம், 30 ஆயிரம் என்று வட்டி தருவதாகச் சொன்னார்கள். வருஷத்துக்கு அல்ல, மாதத்துக்கு! 2020 செப்டம்பரிலிருந்து 2022 மே வரையில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களிடம் ஏறக்குறைய 2,438 கோடி ரூபாய் வாங்கினார்கள் என்பது வழக்கு. 2022 மே மாதம் பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீசார் சோதனை போட்டார்கள். கடை மூடிவிட்டது.

கட்டினவர்கள் எல்லோரும் பேராசைக்காரர்கள் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். நகையை அடகு வைத்துக் கட்டினவர்கள் இருக்கிறார்கள். பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்திருந்ததைக் கட்டினவர்கள் இருக்கிறார்கள். ஏன் நம்பினார்கள்? பக்கத்து வீட்டுக்காரருக்கு உண்மையாகவே பணம் வந்தது. கண்ணால் பார்த்தார்கள். இதுதான் இதிலுள்ள சூட்சுமம். அதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நீங்கள் ஒரு லட்சம் கொடுக்கிறீர்கள். அவன் முதல் மாதம் 30,000 தருகிறான். இரண்டாம் மாதம் 30,000. மூன்றாம் மாதம் 30,000. ஆக 90,000. இது யார் பணம்? உங்கள் பணம்! உங்கள் இடது பையிலிருந்து எடுத்து வலது பையில் போட்டிருக்கிறான். அவன் ஒரு பொட்டுத் தங்கம் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். மூன்று மாதம் வரைக்கும் உங்கள் அசலை வைத்தே உங்களுக்கு வட்டி கொடுத்துவிடலாம். நான்காவது மாதத்துக்குத்தான் புது ஆள் வேண்டும். அந்தப் புது ஆளை யார் கொண்டுவருகிறார்? நீங்கள்தான். "எனக்கு வந்தது, உனக்கும் வரும்" என்று மச்சானிடம் சொல்கிறீர்கள். பொய் சொல்லவில்லை, வந்ததைத்தான் சொல்கிறீர்கள். நாணயமான மனிதனின் வாயையே விளம்பரமாக ஆக்கிவிடுகிறான். கடைசியில் கம்பெனி ஓடிவிடும். மச்சான் ஓடமாட்டான், உங்கள் வாசலில் வந்து நிற்பான்.

இன்னொரு கேள்வி கேளுங்கள், அந்த இடத்திலேயே விஷயம் தெரிந்துவிடும். தொழில் நடத்துகிறவனுக்குப் பாங்கியில் கடன் கிடைக்கும். வருஷத்துக்கு நூற்றுக்குப் பத்தோ பன்னிரண்டோ வட்டி. மாதத்துக்கு நூற்றுக்கு முப்பது லாபம் வருகிற தொழில் ஒருவன் கையில் இருந்தால், அவன் பாங்கியில் பன்னிரண்டு வட்டிக்கு வாங்கி மீதியைத் தானே வைத்துக்கொள்ளமாட்டானா? உங்கள் வீடு தேடி வந்து, பிரியாணி போட்டு, முப்பதையும் உங்களுக்கே கொடுப்பானா? முதலாளி வர்க்கத்தில் அவ்வளவு தர்மவான் பிறந்ததை நான் பார்த்ததில்லை.

ஆருத்ரா ஒன்றுதானா? திருப்பூரில் பாசி பாரெக்ஸ் என்று ஒரு கம்பெனி, அன்னியச் செலாவணி வியாபாரம் என்று சொல்லி பனியன் ஊரில் பணம் வாங்கியது. சுமார் 930 கோடி. 2009இல் விவகாரம் வெடித்தது. கோயம்புத்தூர் கோர்ட்டில் தீர்ப்பு வந்தது 2022 ஆகஸ்டில், 27 வருஷத் தண்டனை. தண்டனை பெரிதுதான். பதின்மூன்று வருஷம் போய்விட்டதே! அதற்குள் எத்தனை பிள்ளைகள் படிப்பை விட்டிருக்கும்? பெருந்துறையில் 2012இல் ஈமுக் கோழி. அதற்கு முன்னால் 1990களில் சென்னையில் அனுபவ் கம்பெனியின் தேக்கு மரம். பறவை மாறும், மரம் மாறும், கணக்கு மாறாது. செய்யாறு, வந்தவாசிப் பக்கம் 2022இல் தீபாவளிச் சீட்டு. மாதாமாதம் கட்டினால் தீபாவளிக்கு மளிகையும் தங்கக் காசும் என்று கூலிக்காரப் பெண்களிடம் வாங்கினார்கள். தீபாவளி வந்தது, மளிகை வரவில்லை.

"அதெல்லாம் புதுக் கம்பெனி தோழரே, பழைய பெயருள்ள இடமாகப் பார்த்துப் போட்டால்?" என்று கேட்பீர்கள். சென்னைப்பட்டணத்தில் ஆர்பத்நாட் கம்பெனியைவிடப் பழைய பெயர் வேண்டுமா? வெள்ளைக்காரத் துரைகளின் கம்பெனி. குமாஸ்தாக்களும் பென்ஷன்காரர்களும் நம்பிப் பணம் போட்டிருந்தார்கள். 1906 அக்டோபரில் திவாலானது. துரைக்கே 18 மாதம் கடுங்காவல் கிடைத்தது. அந்த அடிக்குப் பிறகு 1907இல் பிறந்ததுதான் இந்தியன் பாங்க். சரி, அது நூறு வருஷத்துக்கு முந்தின கதை. இதோ பக்கத்து மயிலாப்பூரில் ஹிந்து பெர்மனெண்ட் பண்டு என்ற நிதி, 1872இல் ஆரம்பித்தது. மாதம் முப்பது வட்டி என்று ஆசை காட்டின இடம் அல்ல. ரிட்டயரானவர்கள் நம்பிப் பணம் போட்ட இடம். 2024இல் டெபாசிட் திரும்பி வரவில்லை என்று புகார்கள் குவிந்தன. ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநர் கைதானார். வழக்கு கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. ஆகவே பெயரின் வயது காப்பல்ல. பாங்கியில் போட்ட டெபாசிட்டுக்கு ஒரு பாங்கிக்கு ஒரு ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இன்ஷூரன்ஸ் உண்டு, 2020இலிருந்து இந்த அளவு. கூட்டுறவு பாங்கிகளுக்கும் உண்டு. நிதிக் கம்பெனிக்கு இல்லை. கிராமத்துத் தொடக்கக் கூட்டுறவுச் சங்கத்துக்கும் இல்லை. நகைக் கடைச் சீட்டுக்கும் இல்லை. போஸ்டாபீஸ் பணத்துக்குச் சர்க்காரே பொறுப்பு. போர்டில் "பாங்க்" மாதிரி எழுத்திருக்கிறதா என்று பார்க்காதீர்கள், இன்ஷூரன்ஸ் உண்டா என்று கேளுங்கள்.

இப்போது நேர்மையான வழியில் போனால் எவ்வளவு வரும் என்று பார்ப்போம். இதைச் சொல்லாமல் "ஏமாறாதே, ஏமாறாதே" என்று மட்டும் சொல்வதில் பிரயோஜனமில்லை.

மாதம் 500 ரூபாய் மிச்சம் பிடிக்கிறீர்கள் என்று வையுங்கள். பதினைந்தாயிரம் சம்பளத்தில் அது பெரிய காரியம். போஸ்டாபீசில் ஐந்து வருஷ ஆர்.டி. போடுகிறீர்கள். 2024இல் அதற்கு வட்டி 6.7 சதவிகிதம். அறுபது மாதம் கட்டினது 30,000. கைக்கு வருவது சுமார் 35,680. வட்டி ஐயாயிரத்துச் சொச்சம். நல்லது. அதில் 35,000 ரூபாயைப் போஸ்டாபீஸ் மாத வருமானத் திட்டத்தில் போடுகிறீர்கள். அதே 2024இல் 7.4 சதவிகிதம். உட்கார்ந்த இடத்தில் மாதம் எவ்வளவு வரும்? 215 ரூபாய்!

ஐந்து வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினதற்கு மாதம் 215 ரூபாய். ஒரு தடவை மார்க்கெட்டுக்குப் போனால் தீர்ந்தது. மாதம் பத்தாயிரம் இப்படி வரவேண்டுமானால் கையில் முதல் எவ்வளவு இருக்கவேண்டும்? பதினாறு லட்சத்துக்கு மேல். அதோடு விலைவாசி சும்மா இருக்கிறதா? இன்றைய பத்தாயிரம் பத்து வருஷம் கழித்து பத்தாயிரமா?

ஆகவே, குறைந்த கூலிக்காரன் வட்டியை வைத்துப் பிழைக்கமுடியாது. இது மனதைத் தளரவைக்கச் சொல்வதல்ல. வட்டி என்பது வானத்திலிருந்து பெய்கிற மழை அல்ல. ஒருவன் கையில் வட்டி வந்தால், எங்கோ ஒருவன் அதற்கு உழைத்திருக்கவேண்டும், அல்லது எங்கோ ஒருவன் அதை இழந்திருக்கவேண்டும். நிறையப் பணம் வைத்திருக்கிறவனுக்கு நிறையப் பேர் உழைக்கிறார்கள். 35,000 ரூபாய்க்கு 215 ரூபாய் அளவுதான் உழைப்பார்கள். இன்னொரு பக்கம் பாருங்கள்: சங்கம் போராடி மாதம் 500 ரூபாய் சம்பள உயர்வு வாங்கினால், அது 81,000 ரூபாயைப் போஸ்டாபீசில் போட்டு வருகிற வட்டிக்குச் சமம். அந்த 81,000ஐ எந்தத் தோழர் எத்தனை வருஷத்தில் சேர்ப்பார் என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்படியானால் மிச்சம் பிடிக்கவே வேண்டாமா? கட்டாயம் பிடிக்கவேண்டும். எதற்காக என்பதைத்தான் மாற்றிச் சொல்கிறேன். வருமானம் பார்க்க அல்ல, வட்டிக்காரன் வாசலுக்குப் போகாமல் இருக்க.

தண்டல்காரனை எல்லோருக்கும் தெரியும். பத்தாயிரம் கடன் என்பான். கையில் 8,500 கொடுப்பான். தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்டவேண்டும். "ஆயிரத்து ஐந்நூறுதானே" என்று நாம் நினைக்கிறோம். முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறோம் அல்லவா? 8,500 கடன் நாளுக்கு நாள் கரைந்துகொண்டே போகிறது. நூறு நாளுக்குச் சராசரி எடுத்தால் நம் கையில் இருந்தது சுமார் 4,250 ரூபாய்தான். அதற்கு நூறு நாளில் 1,500 வட்டி. நம் ஊர்ப் பாஷையில் சொன்னால் பத்து வட்டிக்கு மேல்! வருஷத்துக்கு நூற்றுக்கு நூற்றிருபத்தைந்துக்குக் குறையாது.

போஸ்டாபீஸ் தருவது வருஷத்துக்கு நூற்றுக்கு ஏழு. தண்டல்காரன் பிடுங்குவது நூற்றிருபத்தைந்து. தண்டலில் இருக்கிற தோழர் ஷேர் மார்க்கெட் பற்றிக் கேட்டால் நான் சொல்வது இதுதான்: தண்டலை அடைத்துவிடுங்கள், பம்பாயில் எந்தக் கோடீசுவரனுக்கும் கிடைக்காத லாபம் உங்களுக்குக் கிடைத்துவிடும். அடைத்தபிறகு பத்தாயிரமோ பதினைந்தாயிரமோ சேரும் வரை பாங்கியில் சும்மா போட்டுவையுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அதிலிருந்து எடுங்கள். அந்தப் பணத்துக்கு வட்டி குறைவு என்று வருத்தப்படவேண்டாம். கந்துவட்டியைத் தடுக்க 2003இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, தண்டல்காரன் தெருவில் இருக்கிறான். நம் கையில் பத்தாயிரம் இருந்தால் அவன் நம் தெருவைத் தாண்டிப் போய்விடுவான்.

அடுத்தது, நமக்கு ஏற்கனவே சேரவேண்டிய பணம். மில் தோழர்கள் இதைக் காது கொடுத்துக் கேட்கவேண்டும். பி.எப். என்பது 1952ஆம் வருஷச் சட்டத்தில் வந்தது. சம்பளம் 15,000 என்றால் உங்களிடம் பிடிப்பது 1,800. முதலாளி போடுவதும் 1,800. அதில் 1,250 பென்ஷனுக்கு, 550 உங்கள் பி.எப். கணக்குக்கு. போட்ட அன்றைக்கே ஒரு ரூபாய்க்கு இன்னொரு ரூபாய்! அதற்கு மேல் வட்டி, 2024-25இல் 8.25 சதவிகிதம். உலகத்தில் எந்த ஏஜெண்டாவது நேர்மையாக இப்படி ஒரு திட்டம் கொண்டுவரமுடியுமா? முதலாளி மனமிரங்கிக் கொடுத்ததல்ல இது. "உட்கார்ந்த இடத்தில் வருமானம்" என்று தொழிலாளிக்கு உண்மையில் ஏதாவது உண்டென்றால் அது பென்ஷன் ஒன்றுதான். அது தொழிலாளியின் தள்ளி வைக்கப்பட்ட கூலி. அந்தப் பென்ஷனையே குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014இல் நிர்ணயித்தார்களே, அதை வைத்துக்கொண்டு எந்தக் கிழவர் சாப்பிடமுடியும் என்பது வேறு சண்டை. அந்தச் சண்டையும் உண்டு.

காண்டிராக்டில் வேலை செய்கிற தோழர்கள் ஜாக்கிரதை. சம்பளத்தில் பிடிக்கிறான், கணக்கில் கட்டுகிறானா? சம்பளச் சீட்டைப் பார்த்தால் போதாது. பி.எப். பாஸ்புக்கைச் செல்போனில் பார்க்கலாம். மாதாமாதம் விழுகிறதா என்று பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமலிருப்பது குற்றம். இன்னொன்று, மில் மாறும்போதெல்லாம் பி.எப். பணத்தை முழுக்க எடுத்துவிடுகிறோம். பென்ஷன் வாங்கப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அதுவரை உழைத்த வருஷங்கள் கணக்கிலிருந்து போய்விடும். எடுக்காதீர்கள், புது மில் கணக்குக்கு மாற்றுங்கள்.

கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு அதற்குச் "சேமிப்பு" என்று பெயர் வைப்பதும் உண்டு. கோயம்புத்தூர், திருப்பூர், திண்டுக்கல் வட்டாரத்து நூல் மில்களில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடத்தினார்கள். சின்னப் பெண்களை மூன்று வருஷம் விடுதியில் அடைத்து வேலை வாங்கி, கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்றார்கள். இரண்டரை வருஷத்தில் உடம்பு முடியாமல் போன பெண்ணுக்கு என்ன கிடைத்தது? மொத்தப் பணம் என்று யாராவது சொன்னால், மாதாமாதம் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

விவசாயத் தொழிலாளிக்கு பி.எப். கிடையாது. அவருக்கு என்ன வழி? பெரிய வழி இருப்பதாகப் பொய் சொல்லமாட்டேன். 18 வயதிலிருந்து 40 வயதுக்குள் இருப்பவர்கள் அடல் பென்ஷன் திட்டத்தில் சேரலாம். 18 வயதில் சேர்ந்தால் மாதம் 210 ரூபாய், அறுபதுக்குப் பிறகு மாதம் 5,000. முப்பது வயதில் சேர்ந்தால் 577. நாற்பதில் சேர்ந்தால் 1,454, அது கூலிக்காரரால் ஆகிற காரியமல்ல. இளவட்டங்கள் சேரலாம், ஆனால் நாற்பது வருஷம் கழித்து 5,000 ரூபாய் இன்றைய ஐயாயிரமாக இருக்காது என்று தெரிந்து சேரவேண்டும். அதைவிட அவசரமானது ஒன்று. பாங்கிக் கணக்கிலிருந்து வருஷத்துக்கு 20 ரூபாய் பிடித்தால் விபத்துக்கு 2 லட்சம், 436 ரூபாய் பிடித்தால் எப்படி இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம் என்று இரண்டு இன்ஷூரன்ஸ் உண்டு. வயல் வேலையில் பாம்பு கடித்து, இடி விழுந்து சாகிறவர்கள் நம் ஆட்கள்தானே? பலர் கணக்கில் அந்தப் பணம் பிடிக்கிறார்கள். ஆள் போனபிறகு வீட்டிலிருக்கிற பெண்ணுக்கு அது தெரியாது, ஒருவரும் போய்க் கேட்பதில்லை. வீட்டில் சொல்லி வையுங்கள்.

தாய்மார்கள் கேட்கப் போவது எனக்குத் தெரியும். தங்கம்! தியாகராய நகரில் நின்றுகொண்டு தங்கத்தைப் பற்றிப் பேசாமல் போகமுடியுமா? பனகல் பார்க்கைச் சுற்றி நகைக் கடைகள்தான். மாதம் ஆயிரம் வீதம் பதினொரு மாதச் சீட்டு. ஏன் பதினொரு மாதம்? சரக்குக்கு முன்பணம் வாங்கினால் ஒரு வருஷத்துக்குள் சரக்கைக் கொடுத்துவிடவேண்டும், தாண்டினால் அது டெபாசிட்டாகக் கணக்காகும் என்பது கம்பெனிச் சட்ட விதி. அந்த வேலியைத் தாண்டாமல் நிற்கத்தான் பதினொன்று. நம் பணத்தை வட்டியில்லாமல் வைத்து அவர்கள் வியாபாரம் செய்கிறார்கள், கடைசியில் சேதாரத்தில் கொஞ்சம் தள்ளுபடி தருகிறார்கள். கடை நிலைத்தால் பரவாயில்லை. நாதெள்ளா சம்பத் சென்னையில் எவ்வளவு பழைய பெயர்! 2017இல் கடைகளை மூடிவிட்டது, சீட்டுக் கட்டினவர்கள் போலீசுக்கு அலைந்தார்கள். 2023இல் பிரணவ் ஜுவல்லர்ஸ், திருச்சியிலிருந்து கிளம்பி சென்னை வரை கடை வைத்தது, அதுவும் மூடியது.

தங்கமே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தங்கம் ஏழை வீட்டில் ஆபத்துக்கு உதவுகிறது. புருஷன் குடித்து அழிக்காமல் பெண் தன் கழுத்தில் வைத்துக் காப்பாற்றுகிற ஆஸ்தி அது. ஆனால் பாங்கியில் ஆர்.டி. போட்டுச் சேர்த்து, ரொக்கமாகக் கொண்டுபோய் வாங்குங்கள். செய்கூலியும் சேதாரமும் கூடின வேலைப்பாட்டைப் பார்க்காதீர்கள், விற்கும்போது வேலைப்பாட்டுக்குக் காசு கிடையாது. அடகு வைக்கிற நாள் வந்தால் சந்து முனை அடகுக் கடைக்குப் போகாமல் கூட்டுறவு பாங்கிக்கோ சர்க்கார் பாங்கிக்கோ போங்கள்.

ஏலச்சீட்டைப் பற்றி இரண்டே வார்த்தை. சீட்டில் கசர் வருகிறது என்று சந்தோஷப்படுகிறோமே, அந்தக் கசர் யார் கொடுத்தது? அவசரத்துக்குத் தள்ளி எடுத்தாரே, அந்தத் தோழர் கொடுத்தது. சீட்டு தப்பில்லை, தேவைக்கு உதவுகிறது. 1982ஆம் வருஷச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று பாருங்கள். பதிவில்லாத சீட்டு நடத்துகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒருநாள் அவருக்கும் நெஞ்சு வலி வரும்.

"ஷேர் மார்க்கெட்?" என்று பின்னால் ஒரு தம்பி கேட்கிறார். கேட்கவேண்டிய கேள்விதான். ஷேர் என்றால் ஒரு கம்பெனியின் லாபத்தில் பங்கு. அந்த லாபம் எங்கிருந்து வருகிறது என்பது மில்லில் நிற்கிற உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நாம் பத்து ஷேர் வாங்கினால் முதலாளி ஆகிவிடமாட்டோம், பாவியும் ஆகிவிடமாட்டோம். கடன் அடைத்தாகிவிட்டது, ஆபத்துக்குப் பணம் இருக்கிறது, பிள்ளையின் பீஸ் கட்டியாகிவிட்டது, இன்னும் பத்து வருஷத்துக்குத் தொடவேண்டாத பணம் மாதம் ஐந்நூறு இருக்கிறது என்றால், மார்க்கெட் முழுவதையும் சிறிது சிறிதாக வாங்கிவைக்கிற குறைந்த கட்டண மியூச்சுவல் பண்டில் போடலாம். விலைவாசியை முந்த வாய்ப்புண்டு. பாதியாகக் குறைகிற வருஷமும் உண்டு. அந்த வருஷம் பார்த்து நமக்கு லேஆப் வந்தால் நஷ்டத்தில் விற்க நேரும். பணக்காரனுக்கு அந்த வருஷம் காத்திருக்க முடியும், நமக்கு முடியாது. அதுதான் அவனுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம்.

ஆனால் தம்பி செல்போனில் பார்த்தது அது அல்ல என்று நினைக்கிறேன். ஆப்ஷன் வியாபாரம். காலையில் வாங்கி மத்தியானம் விற்பது. அது சூதாட்டம், வேறு பெயர் கிடையாது. நான் சொல்லவில்லை, செபி என்ற சர்க்கார் ஸ்தாபனமே 2024 செப்டம்பரில் கணக்கு வெளியிட்டது. மூன்று வருஷத்தில் இதில் இறங்கின தனி நபர்களில் நூற்றுக்கு 93 பேருக்கு நஷ்டம். எல்லோர் நஷ்டத்தையும் கூட்டினால் 1 லட்சத்து 80 ஆயிரம் கோடிக்கு மேல். அந்தப் பணம் ஆவியாகிவிடவில்லை. பெரிய கம்பெனிகள், கம்ப்யூட்டர் வைத்துக் கண்ணிமைக்கும் நேரத்தில் வாங்கி விற்கிறவர்கள், அவர்கள் பக்கம் போனது. ஷிப்டு முடிந்து பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டே செல்போனைத் தட்டுகிற நம் பையன் அவர்களோடு மல்லுக்கு நிற்கிறானாம்! வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் குரூப்பில் சேர்த்து "டிப்ஸ்" தருகிறவன் இன்னும் மோசம். அங்கே ஷேரே கிடையாது, படம்தான். அதில் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்யவேண்டும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணத்தை நிறுத்தப் பார்க்கமுடியும்.

வெட்கம் என்றேன். இந்த வெட்கம்தான் ஏமாற்றுகிறவனுக்குக் காவல். ஆருத்ராவாகட்டும், தீபாவளிச் சீட்டாகட்டும், கம்பெனி தள்ளாட ஆரம்பித்ததும் ஏஜெண்டு வந்து "போலீசுக்குப் போனால் ஒரு காசு வராது, பொறுமையாக இருந்தால் வரும்" என்பான். அது அவன் ஆஸ்தியை மறைக்க எடுத்துக்கொள்கிற அவகாசம். தமிழ்நாட்டில் 1997இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1990களில் பைனான்ஸ் கம்பெனிகள் ஜனங்களைச் சூறையாடின பிறகு வந்த சட்டம். அதன்படி கம்பெனியின் ஆஸ்தியை முடக்கி, விற்று, டெபாசிட்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். வருஷக்கணக்கில் ஆகும், முழுதும் வராது. ஆனால் புகார்ப் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அதுவும் வராது. ஆகவே பொருளாதாரக் குற்றப் பிரிவில் நீங்களே எழுதிக் கொடுங்கள், பத்துப் பேராகப் போங்கள். பாண்டு, ரசீது, செல்போனில் வந்த செய்தி, பாங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் நகல் கொடுத்து அசலை வீட்டில் வையுங்கள். "புதுப் பாண்டு தருகிறோம், பழையதைக் கொடு" என்று கம்பெனி ஆள் வந்தால் கொடுக்காதீர்கள்.

நம் சங்கத்து ஆட்களே ஏஜெண்டாகப் போன இடங்களும் உண்டு. கமிஷன் வாங்கிக்கொண்டு சக தொழிலாளியிடம் பணம் பிரித்தவர்கள். அவர்களும் தங்கள் பணத்தைப் போட்டு ஏமாந்தவர்கள்தான், வில்லன்கள் அல்ல. ஆனால் சங்கத்தின் பேரில் கிடைத்த நம்பிக்கையைக் கம்பெனிக்கு விற்பது அனுமதிக்கக்கூடிய காரியமல்ல. தொழிலாளிகள் சேர்ந்து பணம் போட்டால் உருப்படியாக எதுவும் நடக்காது என்பதும் சரியல்ல. 1844இல் இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் நெசவாளர்களும் மற்றவர்களுமாக 28 பேர் சேர்ந்து, மாவும் வெண்ணெயும் விற்க ஒரு கடை வைத்தார்கள். வட்டி சம்பாதிக்க அல்ல, கலப்படமில்லாத சாமான் நியாய விலையில் வாங்க. அதைப் பார்த்து 1904இல் நம் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள். அந்தச் சங்கம்தான் பின்னால் காமதேனு பண்டகசாலையை நடத்தியது. மாதம் 215 ரூபாய் வட்டி வருவதும் ஒன்றுதான், மளிகையில் மாதம் 215 ரூபாய் மிச்சமாவதும் ஒன்றுதான். இரண்டாவதற்கு ஐந்து வருஷம் காத்திருக்கவேண்டாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பி.எப். நம்பர் உள்ள தோழர்கள் ஆதார் அட்டையும் செல்போனும் எடுத்துக்கொண்டு வாருங்கள். படித்த பிள்ளைகள் இரண்டு பேரை உட்காரவைக்கிறோம். ஒவ்வொருவர் பாஸ்புக்கையும் திறந்து, எந்த மாதம் விழவில்லை என்று குறித்துக்கொள்வோம். காண்டிராக்டர் பெயரையும் கொண்டு வாருங்கள்.